காந்தம் அளக்க வந்தவர்கள் எனக்குப் போட்ட ஜோடி

முக்கூடல்
9-3-1996

சிரஞ்சீவி நடராஜுக்கு உன் பெரியம்மை ஆவுடையம்மாள் எழுதிக்கொண்டது. நீயும் உன் பெண்சாதியும் பிள்ளைகளும் நாக்பூர் வெயிலில் வாடாமல் இருக்க நெல்லையப்பரும் காந்திமதியும் துணை நிற்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இங்கே இரண்டு பேரில் ஒருத்திக்குச் சுகமில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிட்டேன். அந்த இரண்டு பேர் நானும் உன் அம்மையும். நான் ஆட்டுக்கல் மாதிரி இருக்கிறேன். ஆகவே சுகமில்லாதது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மை இதை உனக்கு எழுதியிருக்க மாட்டாள். எழுதவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கண்டதும் லீவு போட்டு வா. எழுதியிருக்கிறாள் என்றால், தெரிந்துமா இன்னும் அங்கே இருக்கிறாய் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் கிளாஸோடு நின்றவள் எதற்குத் தானே எழுதுகிறாள், மகேஸ்வரன் அண்ணன்தான் பள்ளிக்கூட வாத்தியாராயிற்றே, அவனிடம் சொல்லி எழுதச் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். என் மகனை நான் இப்போது நம்புவதில்லை, காரணம் கீழே வருகிறது. பக்கத்தில் இருக்கிற உன் அம்மை கோமுவிடம் நேரே போய்க் கேட்கக்கூடாதா என்றும் நினைப்பாய். அறுபத்து நாலாம் வருஷம் ஆவணி மாசம் உன் அத்தை கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு நான் சொதி வைத்தேன். பதினெட்டுத் தேங்காய், மூன்று பால் தனித்தனியாக எடுத்து, முதல் பாலை இறக்குகிறபோதுதான் விட்டேன். நீ அப்போது நாலு வயசு, என் மடியில் உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய், நீயே சாட்சி. உன் அம்மை மாப்பிள்ளையின் அம்மை முன்னால் கரண்டியால் கிண்டிப் பார்த்து, "பால் திரிஞ்ச மாரி இருக்கே அக்கா" என்றாள். திரியவில்லை. திரிந்திருந்தால் பந்தியில் மூன்றாம் தடவை கேட்டிருப்பார்களா. அன்றைக்கு மூடிய வாய்தான், முப்பத்திரண்டு வருஷமாக அவளிடம் திறக்கவில்லை. உன் பெரியப்பா போனபோதும் உன் அப்பா போனபோதும்கூட நாங்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் அழுதோமே தவிரப் பேசவில்லை. இப்போது நோயைச் சாக்கிட்டு நான் போய் முதலில் பேச முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் கழிந்து பத்தாம் நாள் நம் தெருவில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. உன் வீட்டுக்குப் பின்பக்கம் வயலைத் தாண்டி ஒரு பெரிய டவர் கம்பி போகிறதல்லவா, அதன் அடியில் நின்று ஒரு பெண்பிள்ளை கையில் பெட்டியை வைத்துக்கொண்டு பத்து எட்டு நடப்பதும் எழுதுவதும் திரும்பப் பத்து எட்டு நடப்பதுமாக இருந்தாள். நிலத்தை அளந்து எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தெருவே கூடிவிட்டது. நிலம் இல்லையாம், காந்தம் அளக்கிறார்களாம். கரண்ட் ஓடுகிற கம்பியைச் சுற்றி ஒரு காந்தம் இருக்குமாம், அதன் பக்கத்திலேயே வருஷக்கணக்காக இருக்கிற ஆட்களுக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, இல்லை ஒன்றுமே செய்யவில்லையா என்று பார்க்கிற ஆராய்ச்சியாம். பாளையங்கோட்டையில் தங்கி ஊர் ஊராக வருகிறார்கள். அந்தப் பெண் பெயர் பிரியதர்ஷினி, நல்ல பிள்ளை, ஆனால் கேட்டதற்கு முழுசாகப் பதில் சொல்லாது. மகேஸ்வரன்தான் அவளை நேரே நம் வீட்டுக்கு அழைத்து வந்து நாற்காலி போட்டான். இத்தனை வீடு இருக்க நம் வீட்டுக்கு ஏன் என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

"அந்தக் காந்தம் கண்ணுக்குத் தெரியுமாட்டி" என்று கேட்டேன்.

"தெரியாது ஆச்சி."

"வாடை அடிக்குமா?"

"அடிக்காது."

"சுவர் வச்சா நிக்குமா?"

"நிக்காது ஆச்சி. சுவரு, கதவு எல்லாத்துக்குள்ளயும் பூந்து வரும்."

உன் அம்மையின் பேச்சைப் பற்றித்தான் சொல்கிறாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

பிறகு ஒரு தடிமனான தாளை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இருபது வருஷமாக எந்தெந்த வீட்டில் இருந்தீர்கள், வீட்டில் கரண்டில் ஓடுகிற சாமான் என்னென்ன, எந்த வருஷம் வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை நேரம் பக்கத்தில் நிற்பீர்கள். எனக்கா ஞாபகம் இருக்காது. மிக்சி எண்பத்து மூன்று கார்த்திகை, சித்ரலேகா மருமகளாக வந்த மூன்றாம் மாசம், அதில் முதலில் அரைத்தது தேங்காய்ச் சட்னி, அதில் அவள் உப்புப் போடவில்லை என்று சொன்னேன். பிரியதர்ஷினி "மிக்சி, பதிமூணு வருஷம்" என்று மட்டும் எழுதினாள். உப்பு விஷயத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு அதற்குத் தாளில் இடம் இல்லை என்றாள். அதற்கு இடம் இல்லாத தாளில் என்ன கேள்விக்கு இடம் இருந்தது தெரியுமா.

"ஆச்சி, கரண்டுல சூடாவுத போர்வை போத்திப் படுக்கதுண்டா?"

"ஏட்டி, சித்திரை மாசம் நீ ஒரு நாள் முக்கூடல்ல வந்து படு. போர்வையே இல்லாம வெந்து எந்திப்ப."

"எனக்கும் தெரியும் ஆச்சி. வெளிநாட்டுத் தாளப் பாத்து எழுதுனது. ஒரு கேள்விய விட்டாலும் பெரிய டாக்டர் ஏசுவாரு. இல்லைன்னு போட்டுக்கிடுதேன்."

இப்படி முப்பத்தேழு கேள்வி. கடைசியில், இதெல்லாம் எதற்கு, என் மிக்சிக்கும் உங்கள் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஆட்களை ஜோடி ஜோடியாகச் சேர்க்கிறார்களாம். ரத்தத்தில் வெள்ளை அணு கூடிப்போகிற நோய் ஒன்று இருக்கிறதாம், அந்த நோய் உள்ள ஒரு ஆள், அவருக்கு ஜோடியாக அதே ஊரில், அதே வயசில், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், நோய் இல்லாத ஒரு ஆள். இரண்டு பேரையும் ஒன்று போல அளந்து, நோய்க்காரருக்குக் காந்தம் கூடவா, இரண்டு பேருக்கும் ஒன்று போலவா என்று பார்ப்பார்களாம்.

"அப்ப நான் யாருக்கு ஜோடி?"

"அது சொல்லக்கூடாது ஆச்சி."

"நோய் யாருக்கு?"

"அது எனக்கே தெரியாது. அளக்க வாரவங்ககிட்ட சொல்ல மாட்டாவ. தெரிஞ்சா, நோய்க்காரர் வீட்டுல நாங்க அறியாமலே ஒரு எண்ணக் கூட்டிப் போட்டுருவோம்னு அவுகளுக்குச் சந்தேகம்."

தன் ஆட்களையே சந்தேகப்படுகிறவர்கள் என்றதும் எனக்கு அவர்கள்மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனால் நானும் சும்மா இருப்பவளா. முப்பிடாதி காலையில் நம் வீட்டில் வாசல் தெளித்துவிட்டு அடுத்து உன் வீட்டில்தான் பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஜீப் என் வீட்டை விட்டுக் கிளம்பி எங்கே போகிறது என்று பார்த்து வரச் சொன்னேன். "வேற எங்கயும் போவல ஆச்சி, நேரா கோமு ஆச்சி வீட்டுக்குத்தான் போனாவ. உங்களுக்கு இடுப்புல கட்டக் குடுத்த மாரியே ஒரு பெட்டிய அவுகளுக்கும் குடுத்தாவ" என்று வந்து சொன்னாள். ஆக, இந்த ஊரில் இத்தனை பொம்பளை இருக்க, முப்பத்திரண்டு வருஷம் நான் முகம் பார்த்துப் பேசாதவளை எனக்கு ஜோடியாகப் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்குக்கூட இரண்டு பக்கமும் சம்மதம் கேட்டுத்தானே ஜோடி சேர்ப்பார்கள்.

கோபம் ஆறியதும்தான் அடுத்தது உறைத்தது. ஜோடியில் ஒருத்திக்கு நோய் இருந்தாக வேண்டும். எனக்கு இல்லை. டவரும் அவள் வீட்டுப் பின்பக்கம்தான் போகிறது, என் வீடு ஏழு வீடு தள்ளி. அன்றிலிருந்து உன் அம்மையைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் பலத்துக்கொண்டே போகிறது. காய்கறிக்காரனிடம் சண்டை போடுகிற சத்தம் தை மாசத்திலிருந்து கேட்கவில்லை. பிரதோஷத்துக்குக் கோயிலில் தீபாராதனை நேரத்தில் எனக்கு முன்னால் நின்றவள் தானாக நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். என் ஆயுசில் அவள் எனக்கு விட்டுக்கொடுத்தது அந்த ஒரு இடம்தான். போன வாரம் முப்பிடாதி கையில் வாழைத்தண்டு கொடுத்து, "அக்காவுக்கு ரத்தத்துக்கு நல்லது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். சாகப் போகிறவர்கள்தான் இப்படிக் கணக்கில்லாமல் நல்லவர்களாவார்கள். படித்துறையில் என்னைப் பார்க்கிறபோது ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள், கண் கலங்கினாற்போல. தன்னை நினைத்துத்தான் கலங்குகிறாள் பாவம், என்னதான் இருந்தாலும் உன்னைப் பெற்றவள், எனக்கு மனசு கேட்கவில்லை.

இது என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், என்னிடம் மட்டும் மறைக்கிறார்கள். மகேஸ்வரனிடம், "கோமுவுக்கு என்னலே" என்று கேட்டால் பரீட்சைத் தாளை எடுத்து வைத்துத் திருத்த ஆரம்பிக்கிறான். சித்ரலேகாவைக் கேட்டால் அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று எழுந்து போகிறாள், அடுப்பில் ஒன்றும் இருக்காது. அவள் கதையைத் தனியாக எழுத வேண்டும். பதின்மூன்று வருஷமாக என்னை மத்தியானம் இரண்டு மணிக்குமுன் சாப்பிடக் கூப்பிடாதவள், இப்போது பதினோரு மணிக்கு ஹார்லிக்ஸ் கொண்டு வந்து நிற்கிறாள். கால் அமுக்கிவிடட்டுமா அத்தை என்கிறாள். வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கத்தான் என்று எனக்குத் தெரியாதா. அதற்கேற்ற மாதிரி, கண்ணில் புரை எடுக்க வேண்டும் என்று மகேஸ்வரன் கார்த்திகையில் என்னைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனான். கண்ணைப் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார்கள். பிறகு மாசாமாசம் ரத்தம் எடுக்கிறார்கள், புரையை மட்டும் எடுக்கவில்லை. கண்ணில் புரைக்குக் கையில் எதற்கு ரத்தம் என்று கேட்டால், "பெரிய ஆஸ்பத்திரில அப்படித்தாம்மா" என்கிறான். கண்ணைக் கட்டிவிட்டு அந்த நேரம் பார்த்துப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிற எண்ணம் என்று நினைக்கிறேன். நான் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் என்பதை மறந்துவிட்டார்கள்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், இதற்குத்தான் உன் யோசனை வேண்டும், நீ கரண்டுக்குப் படித்தவன். அந்தப் பெட்டி சோப்பு டப்பா அளவு இருக்கும். அதை இரண்டு நாள் இடுப்பில் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம், படுக்கும்போது தலைமாட்டில் வைக்க வேண்டுமாம், குளிக்கும்போது மட்டும் கழற்றலாமாம். நான் இருக்கிற இடத்துக் காந்தத்தை அது சில நொடிக்கு ஒரு தடவை தானே எழுதிக்கொள்ளுமாம். வீட்டை அளந்தால் போதாது, ஆள் எங்கே போகிறாரோ அங்கேயெல்லாம் அளக்க வேண்டும், அதுதான் சரியான அளவு என்று பிரியதர்ஷினி நாலு தடவை சொன்னாள். கூடவே ஒரு நோட்டு, ஒவ்வொரு மணிக்கும் நான் என்ன செய்தேன் என்று எழுத. எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பெட்டிக்குத் தோல் உறை போட்டிருந்தது. நல்ல மாட்டுத் தோல், வாடை இன்னும் போகவில்லை. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் சாமி அலமாரியைத் திறப்பதா, உலையில் அரிசி போடுவதா. அந்தப் பிள்ளை முன்னால் கட்டிக்கொண்டேன், ஜீப் தெரு திரும்பியதும் கழற்றிவிட்டேன்.

கழற்றியதை எங்கே வைப்பது. அடுக்களையில் ஆகாது, பூஜை அறையில் ஆகாது, நான் படுக்கிற இடத்தில் ஆகாது. தோல் சாமான் தோல் சாமானோடு இருக்கட்டும் என்று, மகேஸ்வரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெல்ட்டைக் கழற்றி மாட்டுகிற ஆணியில் மாட்டினேன். அந்த ஆணி கூடத்தில் பிரிட்ஜ் பக்கத்தில், உர்ரென்று எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கிற ஸ்டெபிலைசருக்கு நேர் மேலே இருக்கிறது. பெட்டி அதன் தலையில் உட்கார்ந்த மாதிரி இரண்டு நாள் தொங்கியது. நோட்டில் மட்டும் ஒரு மணி தவறாமல் உண்மையை எழுதினேன். ஐந்து மணி, காப்பி, தண்ணீராக இருந்தது. ஆறு மணி, படித்துறை. ஏழு மணி, பிள்ளையார் கோயில். எட்டு மணி, இட்லி, சித்ரலேகா கூட ஒன்று வைத்தாள், ஏன். இப்படி.

மூன்றாம் நாள் பெட்டியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். நாலாம் நாள் பெரிய டாக்டரே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார், பட்டணத்து ஆள், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி. சாதாரண வீடுகளில் அவர்கள் கணக்குக்கு ஒன்றில் பத்தில் ஒரு பங்குதான் வருமாம், எனக்கு முழுசாக நாலு வந்திருக்கிறதாம். இந்த ஜில்லாவில் இதுவரை யாருக்கும் வந்ததில்லையாம். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "பாட்டி, காலையில ஏழு மணிக்குக் கோயில்ல இருந்ததா எழுதியிருக்கீங்க. அப்பவும் நாலு இருக்கு. அந்தக் கோயில்ல என்ன வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"பிள்ளையாரைத்தான் வச்சிருக்கு" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டார்கள். குருக்கள் உள்ளே விடவில்லை. வாசலில் நின்று பெட்டியை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். முப்பிடாதி அதைப் பார்த்துவிட்டு வந்து, "பிள்ளையாருக்குக் காந்தம் நாலு இருக்காம்" என்று ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாளாம். சாயங்காலத்துக்குள் பக்கத்துத் தெருவிலிருந்து பீடி சுற்றுகிற பெண்கள் முறத்தை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி இலை வெட்டுகிற கத்தரியைச் சன்னதிப் படியில் வைத்துப் பார்த்தாள், இழுக்கிறதா என்று. இழுக்கவில்லை. அசையாமல் இருந்ததற்கும் கற்பூரம் கொளுத்தினார்கள். குருக்கள் மட்டும் என்னிடம் வந்து, "என்ன ஆச்சி, இத்தனை வருஷம் பூஜை பண்ணுதேன், என் கையில ஒண்ணும் ஒட்டலியே" என்று வருத்தப்பட்டார்.

அங்கே ஒன்றும் இல்லை என்று டாக்டர் திரும்பி வந்து என் வீட்டில் அறை அறையாக நடந்தார். நான் படுக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை, அடுக்களையில் ஒன்றும் இல்லை. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "கோயில்ல நாலு, தூங்கும்போதும் நாலு. மத்தியானம் கரண்ட் போன ஒன்றரை மணி நேரம் மட்டும் சுத்தமா ஒண்ணுமில்ல. நீங்க கரண்ட்ல ஓடுறீங்களா பாட்டி?"

"எனக்கு என்ன தெரியும், பெட்டி உங்க பெட்டி" என்றேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அப்படியே காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். எழுதிய எண்ணை இன்னும் அடிக்கவில்லையாம், பங்குனி பிறந்துதான் முடிவு செய்வார்களாம்.

அவர் போன பிறகுதான் நான் உட்கார்ந்து யோசித்தேன். உன் அம்மைக்கு அந்தப் பெட்டியில் அரைகூட வரவில்லை என்று முப்பிடாதி சொன்னாள். நோய் இல்லாத எனக்கு நாலு, நோய் உள்ளவளுக்கு அரை. அதை வைத்து அவர்கள் என்ன எழுதுவார்கள். காந்தம் கூடக் கூட உடம்புக்கு நல்லது, ஆவுடையம்மாளைப் பாருங்கள் என்றா. நாளைக்கு அந்தக் கம்பியால்தான் அவளுக்கு நோய் வந்தது என்று இருந்தால், உண்மை வெளியே வராமல் என் ஆணி மறைத்துவிடும். நான் கோமுவுக்குச் செய்ய நினைத்ததெல்லாம் பேசாமல் இருப்பதுதான், அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறேன். ரத்தத்தில் நோய் வந்து கிடக்கிறவளுக்கு எதிராகப் பொய் எண் கொடுக்க என்னால் முடியாது. அது வேறே, இது வேறே. பிரியதர்ஷினி வருகிற திங்கட்கிழமை வருகிறாள், அவளிடம் ஆணி விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீ எனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நான் உண்மையைச் சொன்னால் பழைய எண்ணை அடித்துவிட்டுத் திரும்ப அளப்பார்களா, இல்லை பொய் சொன்ன கிழவி என்று எங்கள் ஜோடியையே தூக்கிவிடுவார்களா. தூக்கிவிட்டால் உன் அம்மையையும் பார்க்காமல் விட்டுவிடுவார்களே, அவளுக்கு வைத்தியம் நடப்பது இவர்கள் தயவில்தானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

வைத்தியம் பற்றி நாக்பூரில் பெரிய டாக்டர்களிடம் விசாரி. உன் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வா, அவளுக்கு மாமியாரைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது என்று எனக்குத் தெரியும், போன தடவை வந்தபோது நாலு நாளில் கிளம்பினதும் தெரியும். வந்ததும் உன் அம்மையிடம், பெரியம்மைதான் எழுதினாள் என்று சொல்லாதே. ஏதோ கனவு கண்டேன் என்று சொல். அவள் நம்பாவிட்டால் நம்பாமல் போகட்டும்.

பிள்ளைகள் இருவருக்கும் நெற்றியில் திருநீறு இட்டதாக நினைத்துக்கொள். மூத்தவன் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டானா என்று அடுத்த கடிதத்தில் எழுது, பொய் எழுதாதே, அவன் கையால் ஒரு வரி எழுதச் சொல். எல்லாருக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும்.

இப்படிக்கு
உன் நலத்தையும் உன் அம்மை நலத்தையும் (இதை அவளிடம் காட்டாதே) வேண்டும்
பெரியம்மை ஆவுடையம்மாள்

பின் குறிப்பு: கவருக்குப் பசை தடவிக்கொண்டிருக்கிறபோது வாசலில் நிழல் விழுந்தது. உன் அம்மை. உள்ளே வந்து, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மற்ற முனையில் உட்கார்ந்தாள். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.

"அக்கா, நடராஜுக்கு எழுதுதியளாமே. முப்பிடாதி சொன்னா" என்றாள். அந்த முப்பிடாதி இரண்டு பக்கமும் வேலை பார்க்கிறாள் என்று எனக்கு இதுவரை தோன்றவில்லை. "எனக்குச் சீக்குன்னு எழுதிறாதிய. பிள்ளை அங்க பதறிருவான். எனக்கு ஒண்ணும் இல்ல."

நான் காலண்டரையே பார்த்தேன்.

"ஜோடியில ஒருத்திக்குத்தான் நோய்னு கண்டுபிடிச்சிட்டிய. மிச்சத்தையும் கண்டுபிடிச்சிருவியன்னு நானும் தினம் பாத்துக்கிட்டிருக்கேன். அது நான் இல்ல அக்கா. நான் உங்களுக்கு ஜோடியா வந்தவ. மகேஸ்வரன் தையில வந்து, சித்தி, அம்மை வயசுல நோய் இல்லாத ஒரு ஆள் வேணும்னு கேக்காவ, நீங்க வாரியளான்னு கேட்டான். சரின்னேன்."

அடுக்களை வாசலில் சித்ரலேகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அடுப்பில் நிஜமாகவே பால் பொங்கி வழிந்தது, அவள் போகவில்லை.

கார்த்திகையில் கண்ணுக்காக எடுத்த ரத்தத்தில்தான் தெரிந்ததாம். பைய நடக்கிற நோயாம், எனக்கு முன்னால் நடந்து போய்விடாதாம், பத்து வருஷம்கூட இப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டாம், இப்போதைக்கு மாசாமாசம் ரத்தத்தைப் பார்த்தால் போதுமாம். இதையெல்லாம் உன் அம்மைதான் சொன்னாள். மகேஸ்வரனுக்குத் தெரியும், சித்ரலேகாவுக்குத் தெரியும், இப்போது யோசித்தால் குருக்களுக்கும் தெரியும் போலிருக்கிறது. எனக்கு வந்த நோயை எனக்குத் தெரியாமல் ஒரு தெருவே வைத்திருந்திருக்கிறது. அதற்கு மகேஸ்வரன் பள்ளிக்கூடம் விட்டு வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

ஆகவே மேலே எழுதியதில் உன் அம்மை என்று வருகிற இடத்திலெல்லாம் நான் என்று வைத்து வாசித்துக்கொள். லீவு போட வேண்டாம். திங்கட்கிழமை உண்மையைச் சொல்வதில் மட்டும் மாற்றம் இல்லை. நோய்க்காரியான எனக்கு நாலு என்று நின்றுவிட்டால் அந்தக் கம்பிமேல் வீண் பழி விழும், அது எனக்கு ஒரு தீங்கும் செய்ததாக இன்னும் நிரூபணம் இல்லை.

வியாழக்கிழமை ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். "நானும் கூட வாரேன் அக்கா" என்றாள் கோமு. நான் இன்னும் அவளிடம் பேசவில்லை, அதை நீ நன்றாகத் தெரிந்துகொள். தலையை மட்டும் ஆட்டினேன், அதுவும் காலண்டரைப் பார்த்துத்தான். அது எந்தப் பக்கம் ஆடியது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இதை எழுதி முடிக்கிறவரை அவள் பெஞ்சின் அந்த முனையிலிருந்து எழுந்து போகவில்லை.